சகாயராணியின் சுருதி

இசைக் கல்லூரி ஒன்றில் வாய்ப்பாட்டுப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் சகாயராணி என்று ஒரு மாணவி இருந்தாள். கடலோர ஊர்க்காரி. அப்பா விசைப்படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர். மாதா கோயில் பாடற்குழுவில் பாடிப் பாடி வளர்ந்தவள். கனத்த குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

கல்லூரியில் அவள் வகுப்புப் பெண்கள் எல்லாரும் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடினார்கள். சின்ன வயதிலிருந்தே அந்த உயரத்தில் பழகியவர்கள். சகாயராணிக்கு அது எட்டாத உயரம். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எக்கி எக்கிப் பாடினாள். சாயங்காலம் தொண்டை எரியும். வெந்நீர் குடித்துவிட்டுப் படுப்பாள். மறுநாளும் எக்கிப் பாடுவாள்.

கடைசி ஆண்டு தொடங்கியதும் குரல் நின்றுபோனது. குரல் நாண்கள் வீங்கிப் புண்ணாகியிருக்கின்றன, பேசவே கூடாது என்றார் மருத்துவர். மழைக்காலம் முழுவதும் விடுதியில் சைகையிலேயே காலம் தள்ளினாள். அப்பா போனில் பேசுவார். இவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள்.

குரல் திரும்பி வந்தது. ஆனால் மேலே போகும் இடமெல்லாம் உடைந்தது. செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை, வகுப்பு தொடங்குமுன் மீனலோசனியைத் தேடி வந்தாள். மீனலோசனி அந்த ஆண்டுதான் அந்தக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை. முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் இருக்கும். தரையில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்.”

“உட்காரு.”

உட்கார்ந்தாள்.

“வீட்ல சொல்லிட்டியா?”

“இல்ல மேடம். எம்மவ பாட்டுல பட்டம் வாங்கப் போறான்னு அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“ஏன் விடணும்?”

“மேல் சட்ஜத்துக்குப் போனாலே குரல் நிக்கல மேடம். எனக்கே காதைப் பொத்திக்கலாம் போல இருக்கு. எனக்குப் பாடுற குரலே இல்லையோ?”

மீனலோசனி சுருதிப் பெட்டியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“பாட வேண்டாம். சும்மா ஒரு ‘ஆ’ சொல்லு. எங்க சுகமா இருக்கோ அங்க.”

சகாயராணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். மீனலோசனி பெட்டியின் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். ஐந்து கட்டை. நாலு. மூன்றில் வந்ததும் பெட்டியின் ஒலி எது, அவள் குரல் எது என்று தெரியவில்லை.

சகாயராணி சட்டென்று நிறுத்தினாள்.

“இவ்வளவு கீழயா? பொம்பளைங்க யார் மேடம் இதுல பாடுறாங்க? சிரிப்பாங்க.”

அதற்குள் மற்ற மாணவிகள் வந்து அமர்ந்தார்கள். சகாயராணி நகர்ந்து போய் அவர்களோடு உட்கார்ந்தாள். மீனலோசனி திருகைத் தொடவில்லை.

“இன்னைக்கு இந்தச் சுருதிதான். எல்லாரும் பழகின வர்ணத்தைப் பாட ஆரம்பிங்க.”

மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பிலேயே நன்றாகப் பாடுகிறவள் வைஜயந்தி. அவள்தான் கேட்டாள்.

“மேடம், சுருதி ரொம்ப இறங்கியிருக்கே?”

“ஆமா. பாடுங்க.”

பாடினார்கள். மீனலோசனியும் கூடப் பாடினார். பாட்டு கீழே இறங்கும் இடத்தில் ஒவ்வொரு குரலும் வெறும் காற்றாகிப் போனது. ஆசிரியையின் குரலும் போனது. அந்த இடத்தில் ஒரே ஒரு குரல்தான் மிஞ்சியது. அது அறை முழுக்கக் கேட்டது. தன் குரல் தனியாக ஒலிப்பதைக் கேட்டு சகாயராணி பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

“மறுபடி,” என்றார் மீனலோசனி.

மறுபடி பாடினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கும் மூச்சு இல்லை.

வைஜயந்தி தோற்றுப் பழகாதவள். மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு குரலைக் கீழே தள்ளினாள். இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தள்ளினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வந்தது. நிறுத்தவில்லை.

சகாயராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து சுருதிப் பெட்டியை அணைத்தாள்.

“போதும் மேடம்.”

“ஏன்?”

“வைஜயந்தியைப் பாருங்க. எனக்கு ஆன மாதிரி அவளுக்கும் ஆயிடும்.”

“அவ ஒண்ணும் சொல்லலையே.”

“எப்படி மேடம் சொல்லுவா? எல்லாரும் பாடுறப்ப என்னால மட்டும் முடியலன்னு வாய் வருமா? பார்த்தாலே தெரியுதே.”

“அப்போ அவளுக்குப் பாடுற குரல் இல்லைன்னு சொல்லு. படிப்பை விட்டுடட்டும்.”

“ஐயோ, அவ ஏன் மேடம் விடணும்? சுருதியை அவளுக்கு ஏத்த மாதிரி வச்சாப் போதுமே!”

சொல்லி முடித்ததும் பெட்டியின் திருகைத் திரும்பிப் பார்த்தாள்.

மீனலோசனி அவளைப் பார்த்தார்.

“அவ தொண்டை வலிக்குதுன்னு நீ எழுந்து வந்து பெட்டியை அணைச்சுட்டே. உன் தொண்டை எரிஞ்சப்போ யார் எழுந்து வருவாங்கன்னு காத்திருந்தே, ராணி?”

வைஜயந்தி பாயில் நகர்ந்து சகாயராணிக்கு இடம் விட்டாள். அவள் போய் உட்கார்ந்தாள்.