வேளைக்கு ஒரு சந்தோஷம்

மழையும் அறிவும் பக்கத்து ஊரோடு நின்றுவிடுகிற ஊர் கோணப்பனை. அந்த ஊர் மாசானம், மகள் ஆவுடையைக் குற்றாலத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து சோறு இறங்காமல் மோட்டுவளையைப் பார்த்தபடியே கிடந்தார். ஆள் துரும்பாகிப் போனார். பெண்டாட்டி பயந்துபோய்த் தன் தம்பி சொரிமுத்துவோடு அவரை வைத்தியரிடம் அனுப்பினாள். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பலவேசமும் போனான்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாலு ஊரு சுத்திட்டு வாரும். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு சின்னச் சின்னச் சந்தோஷம் கிடைச்சாலே தேறிருவீரு."

பலவேசம் கைகட்டிக் கேட்டான். "சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியாய்யா?"

வைத்தியருக்கு அடுத்த ஆள் காத்திருந்தான். "பிந்தி, பிந்தி!" என்று விரட்டிவிட்டார்.

மூவரும் நடையைக் கட்டினார்கள்.

"மகள் வீட்டுக்குப் போவமா மாப்ளே?" என்று மாசானம் மெல்லக் கேட்டார்.

"ஊரைத்தான் சுத்தச் சொன்னாரு அத்தான். உறவைச் சொல்லல" என்றான் சொரிமுத்து.

மருந்து விஷயத்தில் மாசானம் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை.

மறுநாள் விடியலில் வயல் வரப்பில் ஒரு மயில் தோகை விரித்தது.

"கண்ணை மூடும் அத்தான்! வெறும் வயித்துல சந்தோஷப்பட்டா குடலு புண்ணாயிரும்!" என்று சொரிமுத்து துண்டால் அவர் முகத்தைப் பொத்தினான். மாசானமும் ஒத்துழைத்தார். துண்டுக்குள்ளேயும் கண்ணை இறுக்கிக்கொண்டார். கட்டுச்சோற்றைத் தின்று, ஏப்பம் விட்டு, திரும்பிப் பார்த்தால் மயில் போய்விட்டது. மைல்கல்லில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஒரு கழுதைதான் நின்றது. அதன் முகத்தில் அப்படி ஒரு சுகம். மாசானத்துக்குக் களுக்கென்று சிரிப்பு வந்தது. அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! அடுத்த சிரிப்பு கிளம்புவதற்குள் பலவேசம் தொடையில் கிள்ளிவிட்டான்.

"ஏம்ல கிள்ளுத?"

"வேளைக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. கூடினா விஷம்."

மத்தியானம் சாப்பிட்டாயிற்று, வேளையும் வந்துவிட்டது, சந்தோஷத்தைத்தான் காணோம். சுற்றிலும் பொட்டல்.

"அந்தப் பனையைப் பார்த்துச் சந்தோஷப்படும்" என்றான் பலவேசம். பார்த்தார். வரவில்லை. "சரி, அடுத்த பனையைப் பாரும்." பதினேழு பனை பார்த்தார். கழுத்துதான் வலித்தது. பதினெட்டாவது பனையை அண்ணாந்து காட்டியபடியே நடந்த பலவேசம் வாய்க்காலுக்குள் விழுந்தான். மாசானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சொரிமுத்துவுக்குக் கவலை வந்துவிட்டது. "இது சின்னச் சந்தோஷமா, பெரிசா?"

"கழுத்தளவுதான் தண்ணி" என்றான் பலவேசம் உள்ளேயிருந்து. "நான் முங்கியிருந்தாத்தான் பெரிசு."

சாயங்காலம் குற்றாலம் வந்து சேர்ந்தார்கள். சுக்குக் காப்பியும் வடையும் ஆனபிறகு அருவிப் பக்கம் போனால், அது மலையே கரைந்து கொட்டுவதுபோல் கொட்டுகிறது. இவ்வளவும் ஆகாது என்று மாசானத்தை எட்ட நிறுத்தி, அவர் உச்சந்தலைக்கு ஓர் உள்ளங்கைத் தண்ணீர் கொண்டுவரப் பலவேசத்தை அனுப்பினான் சொரிமுத்து.

அப்போது, "அப்பா!" என்று ஒரு குரல். புருஷனோடு குளிக்க வந்த ஆவுடை ஈரச்சேலையோடு ஓடி வந்தாள். மாசானத்தின் வாய் காதுவரை விரிந்தது. சொரிமுத்து நடுவில் பாய்ந்தான்.

"கிட்ட வராத தாயி! இம்புட்டுப் பெரிய சந்தோஷம் ஒரே வேளைல தாங்குமா? உங்கப்பன் உசுரு போயிரும்!"

மாசானத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. "கொஞ்சங் கொஞ்சமா ஒடைச்சாவது குடுங்கலே" என்று கெஞ்சினார்.

ஆவுடையும் கோணப்பனைக்காரிதானே. அப்பா பிழைத்தால் போதுமென்று அவர்கள் தங்கிய சத்திரத்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்றைய சாயங்கால வேளைக்குக் கதவிடுக்கில் வலது கை மட்டும் வந்தது. மாசானம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மினார். அப்புறம் நான்கு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை இட்லிக்குப் பிறகு இடது கை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வலது கால்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மருமகன் சத்திரத்துக்கே வந்துவிட்டான். "வீட்டுல உலை வைக்க ஆளில்ல மாமா. ஆவுடையக் கூட்டிட்டுப் போகவா?"

சொரிமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"ரெண்டு கையும் ஒரு காலும் முடிஞ்சிட்டு மாப்ளே. அதுகளை மட்டும் தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."