ஊற்றுச் சங்கத்தின் விசாரணை

வெள்ளியாறு வற்றிப்போன ஒரு கோடையில், மூக்காயி என்ற பெண் கரடி ஆற்று மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த பெரியநங்கை என்ற யானை நின்று பார்த்தது. பிறகு காலால் மணலை ஒதுக்கிக் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் சுரந்தது. காட்டில் பாதி உயிர்கள் அன்று அதில்தான் தாகம் தீர்த்துக்கொண்டன.

அப்படித்தான் ஊற்றுச் சங்கம் பிறந்தது. பெரியநங்கை தலைவி, மூக்காயி செயலாளர். மானும் முயலும் மந்தியும் பிறகு சேர்ந்துகொண்டன. கோடைதோறும் சங்கத்தார் ஊற்று தோண்டினார்கள். நடக்க முடியாதவர்களுக்குப் பெரியநங்கை துதிக்கையில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது. சங்கம் வந்த பிறகு தாகத்தால் ஓர் உயிரும் போகவில்லை என்பதில் மூக்காயிக்குத் தனிப் பெருமை.

எட்டாவது கோடையில் ஒரு காகம் செய்தி கொண்டுவந்தது. கரட்டு மேட்டுக்கு அப்பால் ஒரு கழுதைப்புலி காலொடிந்து கிடக்கிறதாம். பக்கத்தில் அதன் குட்டி. இரண்டுக்கும் தண்ணீர் வேண்டுமாம்.

சங்கம் கூடியது. புள்ளிமான் எழுந்தது.

"என் குட்டியைத் தின்றது அது. அதற்கா நம் தண்ணீர்?" என்று கேட்டது.

கழுதைப்புலி ஒருநாளும் மணல் அள்ள வந்ததில்லை என்று மந்தியும் சொன்னது. பெரியநங்கைக்குத் தர்மசங்கடம். தீர விசாரித்து முடிவு செய்யலாம் என்றது. முதலில் தண்ணீர் கொடுப்போம் என்று சொல்ல மூக்காயிக்கு வாய் வரை வந்தது. மானின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டது.

விசாரணை மூன்று நாள் நடந்தது. கால் உண்மையிலேயே ஒடிந்ததா, அருகில் வேறு தண்ணீர் இல்லையா என்று காகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான்காம் நாள் காலையில், கொடுக்கலாம் என்று முடிவானது.

பெரியநங்கை துதிக்கை நிறைய நீர் எடுத்துக்கொண்டது. மூக்காயி முன்னால் ஓடியது.

கழுதைப்புலி செத்துக் கிடந்தது. குட்டி அதன் காய்ந்த வாயை நக்கிக்கொண்டிருந்தது. பெரியநங்கை நீரை மெல்லச் சொட்டவிட, குட்டி குடித்தது. குடித்து முடித்ததும் தாயின் வாயருகே போய் நின்று யானையை நிமிர்ந்து பார்த்தது, இங்கேயும் ஊற்று என்பதுபோல.

யானை ஊற்றியது. அந்தத் தண்ணீர் மண்ணில் வழிந்து போனது.

மூக்காயி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பியது. ஊற்றடியில் நின்ற மான், தாய் எங்கே என்று கேட்டது.

"நாம் பேசி முடிப்பதற்குள் போய்விட்டது" என்றது மூக்காயி. "உன்மேல் குற்றமில்லை. உனக்கு வலித்தது, சொன்னாய். நியாயம் தெரிந்தும் நான்தான் வாயைத் திறக்கவில்லை."

மான் விலகி, குட்டிக்கு வழிவிட்டது.

அன்றே மூக்காயி செயலாளர் பொறுப்பை விட்டது. மணல் தோண்டுவதை மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு, தண்ணீர் கேட்ட எவரையும் சங்கம் விசாரித்ததில்லை.

உயிர் போகும் நேரத்தில் உதவி கேட்பவரின் தகுதியை ஆராய்ந்துகொண்டிருப்பதும் உதவியை மறுப்பதும் ஒன்றுதான்.