முள்ளிக்குடிக் குளத்தில் தெப்பம்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டு நாட்டை அழகேசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்த மாத்திரத்தில் ஆணை போடுவார், மறுநாளே மறந்துபோவார். மழை பொய்த்த ஒரு வருஷம், "ஊருக்கு ஒரு குளம் வெட்டுங்கள்!" என்றார். அதை ஓலையில் வடித்தவர் மந்திரி பொன்னம்பலர். நிறைவேற்றும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அரண்மனை அதிகாரி வயிரவநாதர். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஆறே மாதத்தில், "நூறு ஊரிலும் குளம் வெட்டியாயிற்று" என்று வயிரவநாதர் அறிவித்தார். ராஜா பூரித்துப்போனார். மந்திரிக்கு மட்டும் உறுத்தியது. எந்தச் சாலையிலும் ஒரு மண்கூடையைக்கூட அவர் பார்க்கவில்லை. நேராகச் சொன்னால் பொறாமை என்பார்கள். அதனால் ராஜாவிடம் இப்படிச் சொன்னார்:

"அரசே, முள்ளிக்குடிக் குளம் கடல் மாதிரி கிடக்கிறதாமே! இந்த வருஷத் தெப்பத்தை அங்கேயே விடுவோம். வெட்டிய வயிரவநாதரே துடுப்புப் போடட்டும்."

"பலே!" என்றார் ராஜா.

வயிரவநாதர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அங்கே... முதலை இருக்கிறது, அரசே."

"முதலை வாழும் அளவுக்குத் தண்ணீரா? அப்படியானால் போயே தீரவேண்டும்!" என்றார் ராஜா.

தெப்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு சபையே கிளம்பியது. முள்ளிக்குடியில் பொட்டல் வெளி. நடுவில் ஒரு கல். அதில், 'குளம் வெட்டப்பட்டது.'

"ஏறும் ஐயா தெப்பத்தில்! துடுப்புப் போடும்!" என்று ராஜா கர்ஜித்தார். வயிரவநாதர் புழுதியில் துடுப்புப் போட்டார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

அந்தச் சிரிப்புக்கு ஊரிலிருந்து ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மந்திரி தெருவுக்குள் போனார். வீடுகள் திறந்து கிடந்தன. ஒருவன் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பெயர் சுடலைமாடன்.

"மற்றவர்கள் எங்கேயப்பா?"

"பாதிப்பேர் பஞ்சம் பொழைக்கப் போயிட்டாக, சாமி. மீதிப்பேர் அந்தா, சுடுகாட்டுல."

"அரண்மனையில் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னோமே. சித்திரையில வாசல்ல நின்னோம். 'உங்க ஊருக்குக் குளம் வெட்டியாச்சு, போங்க'ன்னு ஓலை வந்துச்சு. ஒங்க முத்திரை வச்ச ஓலை, சாமி."

மந்திரிக்கு அன்று குவிந்து கிடந்த ஓலைகளில் படிக்காமலே முத்திரை வைத்தது நினைவுக்கு வந்தது.

பின்னால் ராஜாவின் குரல் கேட்டது. "மந்திரியாரே, புது ஆணை எழுதும்! நாளைக்கே குளம் வெட்டச் சொல்லும்!"

"கேட்டாயா, அப்பா? நாளைக்கே வெட்டுவார்கள். நீ இரு" என்றார் மந்திரி.

சுடலைமாடன் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"யாருக்கு, சாமி?" என்று கேட்டுவிட்டு நடந்தான்.