நாச்சிமுத்து போர்டில் எழுதியது

ஐம்பத்து நாலு வயசு ஆளை மறுபடியும் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் முதலில் என்ன செய்வார், சொல்லுங்கள் பார்ப்போம்?

கையைத் தூக்குவார்.

நாச்சிமுத்துவும் தூக்கினார். கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர் அவர். பெரிய பதவியில் இருப்பவர்களுக்காக ஒரு மேலாண்மைக் கல்லூரி நடத்திய ஒரு வாரப் பயிற்சிக்குக் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. கேள்வி முடிவதற்குள் அவர் கை மேலே நிற்கும்.

பாடம் எடுத்தவர் மெஹருன்னிசா. அவரைவிட இருபது வயது இளையவர். கதவில் பேராசிரியர் என்று எழுதியிருந்தாலும் நாச்சிமுத்துவின் வாயில் டீச்சர் என்றுதான் வந்தது. அந்த அம்மாவும் திருத்தவில்லை. பிடித்துப்போயிற்று போல.

ஒருநாள் டீ இடைவேளையில் நாச்சிமுத்து தன் மனசில் இருந்ததை டீச்சரிடம் கொட்டிவிட்டார். அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் செந்தாமரை ராஜினாமா கொடுத்துவிட்டாள். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த பெண். சம்பளத்தில் குறை வைத்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவள் மகளுக்குக் காது குத்தியபோது முதல் ஆளாய்ப் போய் நின்றவர் இவர். இவர் ஊர் திரும்புவதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் இப்படித்தான் போனார்.

“ஏனுங்க டீச்சர், எங்கிட்ட யாருமே நிக்க மாட்டேங்கறாங்க?”

“அவங்க என்ன காரணம் சொன்னாங்க சார்?”

“சொல்ல வந்தாங்க. எனக்குத் தெரியாதுங்களா? வீட்ல சின்னக் குழந்தை. போக வர தூரம். நானே சொல்லிட்டேன்.”

மெஹருன்னிசா பிஸ்கட்டை டீயில் நனைத்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு ஒரு மார்க்கரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அடுத்த வகுப்புல நீங்க பேச வேண்டாம். மத்தவங்க சொல்றதை போர்டுல எழுதுங்க. போதும்.”

நான் கேட்டதென்ன, இந்த அம்மா சொல்வதென்ன என்று நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் எழுதப் போனார்.

நஷ்டத்தில் ஓடும் ஒரு பஸ் கம்பெனியைப் பற்றி அன்றைக்குப் பேச்சு. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்க்கும் ஸ்டெல்லா எழுந்தார். டிரைவர்கள் சரியாகத் தூங்குவதே இல்லை, அவர்களைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை என்றார்.

நாச்சிமுத்து அழகான கையெழுத்தில் எழுதினார்: ஷிப்ட் நேரத்தை மாற்ற வேண்டும்.

“நீங்க சொன்னது இதுதானா ஸ்டெல்லா?”

“சார் எழுதினது நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா நான் சொன்னது இல்ல.”

மெஹருன்னிசா வந்து துடைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது மதுரையில் பால் பண்ணை பார்க்கும் சோலைமலை. இந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டால்தான் என்ன என்று கேட்டார். நாச்சிமுத்து எழுதினார்: செலவைக் குறைக்க வேண்டும்.

“நான் மூடச் சொன்னேண்ணே. நீங்க காப்பாத்திப்புட்டீங்க.”

வகுப்பே சிரித்தது. மறுபடியும் துடைப்பு.

ஸ்டெல்லா முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார். நாச்சிமுத்து ‘டிரைவர்கள்’ என்று எழுதினார். அடுத்த சொல் பாதியில் நின்றது. உற்றுப் பார்த்தார். அதுவும் ‘ஷிப்ட்’ என்றுதான் வந்துகொண்டிருந்தது. தானே உள்ளங்கையால் அழித்தார். கையெல்லாம் கறுப்பு.

“டீச்சர், கை அதும்பாட்டுக்கு எழுதுதுங்க.”

சோற்றைச் சிந்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்த அம்மா அவரைப் பார்த்தார்.

வகுப்பு முடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போக, நாச்சிமுத்து மட்டும் வராந்தாவுக்கு வந்து செந்தாமரைக்குப் போன் போட்டார். ஏன் போகிறாய் என்று கேட்டார்.

அந்தப் பக்கம் அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“நான் போறது வீட்டுக்காக இல்லீங்க சார்.”

“அதாவது, நீ சொல்ல வர்றது என்னன்னா—”

நிறுத்தினார். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“நீயே சொல்லு அம்மிணி.”