ஒரு முழக் குழாய்

செங்கோடனுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் கொத்தடிமைக் கூலிமுறைக்கு எதிராகத் துண்டறிக்கை எழுதியவர். சங்கம் கைகழுவிய பிறகு, மேட்டுப்பாளையத்தில் தம்மைவிட இருபது வயது இளையவளான ஆரோக்கியமேரியிடம் மரம் அறுக்கும் மிஷின்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரைத் தோழர் என்பாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ஒருநாள் காலையில் அவர் கேட்டார்.

"மேஸ்திரி, எஞ்சின் அழுத்தம் பார்க்கப் புதுசா ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?"

"இருக்கறதுக்கு என்னவாம்?"

"லாரிப் பட்டறையில பழசா வாங்கினது. கண்ணாடி கீறிப்போச்சு."

மேரி மேசைக்கு அடியிலிருந்து ஒரு மிஷினை எடுத்து வைத்தாள். பழுது இன்னதென்று மிஷின் மேலேயே சாக்பீஸால் எழுதுவது அந்தக் கடை வழக்கம். இதன் டேங்கில் எழுதியிருந்தது: 'சிலிண்டர் தேய்ந்துவிட்டது. செலவு செய்ய வேண்டாம்.' சுவரெழுத்துப் பழகிய கை. ஓர் ஒற்றுப்பிழை கிடையாது.

செங்கோடன் தம் எழுத்தை அடையாளம் கண்டார். போன மாதம், மேரி ஊரில் இல்லாத நாளில் எழுதியது. மிஷின் ராக்கியப்பனுடையது. யாரிடமும் கைகட்டாமல், இந்த ஒரு மிஷினை வைத்து மரம் வெட்டிப் பிழைத்தவன்.

"இது எப்படி இங்கே?"

"காயலான் கடையில கிடந்துச்சு. உங்க கேஜைப் போட்டு இழுங்க."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒரு முழக் குழாயோடு இருந்த தம் கேஜை அந்தத் துளையில் முடுக்கினார். மிஷினைக் கிளப்பும் கயிற்றை ஆறு தடவை இழுத்தார். முள் எண்பது பவுண்டில் நின்றது. நூறுக்குக் கீழே போனால் சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று கணக்கு.

"அன்னைக்கும் எண்பதுதான். நான் பார்த்ததுல தப்பில்லையே?"

மேரி அதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை முடுக்கினாள். அதன் குழாய் விரல் நீளம்தான் இருக்கும்.

"இப்போ இழுங்க."

நூற்று நாற்பது. அவர் நம்பாமல் மறுபடியும் இழுத்தார். நூற்று நாற்பது.

"லாரி எஞ்சின் அண்டா. இது டம்ளர். உங்க குழாயை ரொப்பறதுக்கே இதோட மூச்சுல பாதி போயிடுது. மிச்சத்தைத்தான் முள் காட்டுது."

பிளக்கை மாட்டி அவள் இரண்டு இழு இழுத்தாள். மிஷின் கடை அதிரக் கத்தியது. அவள் அணைக்கும்வரை செங்கோடன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன். மன்னிப்புக் கேட்டுக்கறேன். வீடு தெரியும்."

"வீடு பூட்டிக்கிடக்கு. மிஷின் போனதும் செங்கல் சூளைக்காரங்ககிட்ட முன்பணம் வாங்கிட்டான். அவனைப் பொண்டாட்டி பிள்ளைகளோட வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. மழை விழுற வரைக்கும் வெளிய விடமாட்டாங்களாம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தச் சூளைகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளைச் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும். அந்த மூட்டை ஓர் ஆளைக்கூட வெளியே கொண்டுவந்ததில்லை. ஒரு குடும்பத்தை உள்ளே அனுப்ப ஐந்து வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது.

கரித்துணியை எடுத்து டேங்கைத் துடைத்தார். எழுத்து போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க மேஸ்திரி. எந்தக் கேஜை வாங்கட்டும்? நாளைக்கே கோயமுத்தூர் போறேன். இனி ஒருத்தனுக்கு இப்படி ஆகக்கூடாது."

"அன்னைக்கு ராக்கியப்பன் ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னான். 'நேத்துகூட ரெண்டு புளியமரம் அறுத்தேனுங்க தோழர். அறுக்கற செயின்தான் மொண்ணையாப் போச்சு, சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு'ன்னான்."

"நீங்க?"

"முள் பொய் சொல்லாதுன்னேன்."

மேரி தன் கேஜைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதையே வச்சுக்கங்க," என்றாள். "ரெண்டு புளியமரம்னா எத்தனை பவுண்டு, தோழர்?"