ஜெபர்சனைத் தெரிந்தவர்

"எனக்கு இங்கே இருப்புக் கொள்ளலை மேடம். வேற யுனிவர்சிட்டிக்கு மாறிப் போறேன். ஒரு கடிதம் வேணும்."

கேட்டவன் ஜெபர்சன், தூத்துக்குடிக்காரன். மலேசியாவுக்கு சிவில் படிக்க வந்து மூன்று செமஸ்டர் ஆகியிருந்தது.

எதிரே இருந்தவர் மண் பரிசோதனைப் பாடம் எடுக்கும் டாக்டர் தவமணி. மலேசியத் தமிழர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும்.

"ஏன் போறீங்க?"

"என்னை இங்கே ஒருத்தருக்கும் தெரியாது மேடம். கிளாஸுக்கு வர்றேன், போறேன். ரூமுக்குப் போனா சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். இப்படியே இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்."

படிவத்தை நீட்டினான். ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம். மாணவனை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அவனைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தவமணி அதைப் படித்துவிட்டுப் பேனாவோடு அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியுமோ அதை நீங்களே எழுதுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பயலுக்கு வாயெல்லாம் பல். காரியம் இவ்வளவு லேசாக முடியும் என்று அவன் நினைக்கவில்லை. பெயரை எழுதினான். பதிவு எண்ணை எழுதினான். எழுபத்தொரு மதிப்பெண் வாங்கியதை எழுதினான்.

அதோடு பேனா நின்றுவிட்டது.

வகுப்பில் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறானா? கிடையாது. இந்த அறைக்குள் கால் வைத்திருக்கிறானா? இன்றைக்குத்தான். எப்போதும் கடைசி வரிசை. வகுப்பு முடிந்தால் முதல் ஆளாக வெளியே போய்விடுவான். பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

"அவ்வளவுதான் மேடம்." முகம் சுண்டிப் போயிருந்தது.

"எனக்கும் அவ்வளவுதான் தெரியும். கையெழுத்துப் போடவா?"

"வேண்டாம் மேடம். இதைப் பார்த்து யார் இடம் கொடுப்பாங்க?"

"இதை விட்டா அடுத்து எப்போ?"

"அஞ்சு மாசம் ஆகும். அஞ்சு மாசம் எப்படி மேடம் இங்கே..."

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு லேப்ல மண் சலிப்போம். ஆள் பத்தலை."

முனகிக்கொண்டேதான் போனான். போன அன்றைக்கே சல்லடைகளைத் தலைகீழாக அடுக்கி வைத்தான். சன்னக் கண் சல்லடை மேலே, பெரிய கண் கீழே. ஒரு மணி நேரம் ஆட்டியும் மண் மேல் தட்டிலேயே கிடந்தது. லேபே சிரித்தது. ஹஃபீஸ் என்ற மலாய்ப் பையன் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிக் காட்டினான். அடுத்த செவ்வாயும் போனான். அதற்கடுத்ததும் போனான்.

ஐந்து மாதம் கழித்து, கேட்காமலே தவமணியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கம்.

'சல்லடையைத் தலைகீழாக அடுக்கியவர். இப்போது புதியவர்களுக்கு இவர்தான் அடுக்கக் கற்றுத் தருகிறார். ஒரு களிமண் கணக்குக்காக என்னோடு இரண்டு நாள் சண்டை போட்டார். அவர் கணக்குதான் சரி. எந்நேரமும் துறைமுகம் பற்றியே பேசுவார். அதற்கான பாடம் எங்களிடம் இல்லை. அதனால் அனுப்புகிறேன்.'

படித்ததும் ஜெபர்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்போ போக மனசே இல்லை மேடம்."

"இப்போ போகலாம்," என்றார் தவமணி. விடைத்தாளைத் திருத்தப் போய்விட்டார்.

ஆஸ்திரேலியாவில் முதல் நாள், முதல் வகுப்பு முடிந்தது. முன்பின் தெரியாத ஊர், ஒரு முகமும் பழக்கமில்லை. ஜெபர்சன் நேராகப் போய்ப் பேராசிரியரின் கதவைத் தட்டினான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சந்தேகம்?"

"சந்தேகம் ஒண்ணும் இல்லை சார். லேப்ல ஆள் பத்தலைன்னா சொல்லுங்க. எனக்குச் சல்லடை அடுக்கத் தெரியும்."