ஆமை வாங்கிய முதுகு உரிமை

ஆற்றுக்கு இக்கரையில் காடு. அக்கரையில் நாவல் மரங்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகிவிட்டால் அக்கரை போவதற்கு முயலும் அணிலும் கீரியும் கமடன் என்ற ஆமையைத்தான் நம்பியிருந்தன. கமடன் ஒவ்வொருவராக முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். கூலியாகக் கொஞ்சம் கீரையோ ஒரு பழமோ கொடுத்தால் போதும்.

கமடனுக்குத் தன் முதுகின் மேல் தனிப் பெருமை. இப்படி ஒரு முதுகு இந்தக் காட்டிலேயே கிடையாது என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லும். நல்ல முதுகுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஆற்றின் நடுவே ஒரு பெரிய சுழி இருந்தது. அதில் மாட்டாமல் எப்படிப் போவது என்பது கமடனுக்கு மட்டுமே தெரியும். தினமும் போகிற வழியாயிற்றே, அதை ஒரு பெரிய விஷயமாக அது நினைக்கவே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் துடியன் என்ற நீர்நாய் அங்கே வந்து சேர்ந்தது. இளவட்டம். நீச்சலில் நல்ல வேகம். அதுவும் முதுகில் ஆள் ஏற்ற ஆரம்பித்தது. முதலில் ஏறியது ஒரு கீரி. துடியன் நேராகப் பாய்ந்தது, சுழியில் மாட்டியது, எப்படியோ தப்பித்து மறுபடியும் இக்கரையிலேயே வெகுதூரம் தள்ளி ஒதுங்கியது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்த கீரி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நடந்தே வீடு போனது.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார்கள். கமடனுக்கோ சோறு தண்ணீர் இறங்கவில்லை. இன்றைக்குச் சுழியில் மாட்டியவன் நாளைக்குக் கற்றுக்கொண்டால் தன் பிழைப்பு என்னாவது என்று ஒரே கவலை.

அந்தக் கவலையை அது ஒரு மைனாவிடம் சொன்னது. அந்த மைனா டவுனில் கோர்ட் வாசல் வேப்பமரத்தில் சில காலம் குடியிருந்தது. அரைகுறையாகக் காதில் விழுந்ததையெல்லாம் சட்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

"இதுக்கா அண்ணே மண்டையை உடைச்சுக்கிறீங்க? முதுகுல ஏத்திக்கிட்டுப் போறது உங்க தொழில் முறைன்னு ராஜாகிட்ட உரிமை வாங்கிடுங்க. அப்புறம் அந்தப் பயல் கரையில உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கணும்" என்றது மைனா.

காட்டுக்கு ராஜா ஒரு கிழட்டு யானை. தொழில் முறைக்கு உரிமை கொடுப்பதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கேட்பவர் தன் முறையை ஒளிவுமறைவில்லாமல் சபையில் விளக்க வேண்டும். அதில் எதற்கு உரிமை வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த உரிமையை மரங்கொத்தி மரத்தில் செதுக்கிவிடும். தெரிந்தவரோடு வித்தை அழிந்துபோகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

சபை கூடியது. அத்தனை பேரும் தன் வாயையே பார்ப்பதைக் கண்டதும் கமடனுக்குத் தலைகால் புரியவில்லை. வளைந்த மருத மரத்துக்கு நேரே இறங்கி, கொஞ்ச தூரம் எதிர்நீச்சல் போட வேண்டும் என்றது. அங்கே தண்ணீருக்குள் ஒரு பாறை மூழ்கிக் கிடக்கிறது, அதன் மறைவில் இழுப்பே இருக்காது என்றது. பாறையைத் தாண்டியதும் உடம்பைத் தளர்த்திவிட்டால் ஆறே அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று, யாரும் கேட்காமலே அதையும் சொன்னது. கடைசி வரிசையில் துடியன் வாலைக்கூட ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி, இதுல எதுக்கு உரிமை வேணும்?" என்று கேட்டது யானை.

"கூலிக்கு முதுகுல ஏத்தி ஆத்தைக் கடத்துறதுக்கு, ராஜா. என்னைத் தவிர வேற யாரும் அதைச் செய்யக் கூடாது."

"வேற ஏதாவது சேர்க்கணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

மைனா, "முதுகு, முதுகு" என்று காதில் ஓதியது.

"முதுகு போதும் ராஜா" என்றது கமடன். மரங்கொத்தியும் அப்படியே செதுக்கிவிட்டது.

அதற்குப் பிறகு கமடனை ஆற்றில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. யாராவது தன் உரிமையை மீறுகிறார்களா என்று கரையோரமாக வேவு பார்ப்பதே அதன் வேலையாகிவிட்டது. ஒருநாள் முக்குளிப்பான் பறவை ஒன்று தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைக் கண்டு வழிமறித்தது.

"என் பிள்ளைங்ககிட்ட நான் என்ன கூலி வாங்கறேன், சொல்லுங்க ஆமையாரே?" என்று கேட்டது அந்தத் தாய்ப்பறவை.

 அப்படியும் கமடன் விடாமல் காலை முழுக்க வாதாடியது. துறையிலோ, அக்கரை போக வந்தவர்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

அந்த வெள்ளத்தில் சில வாழைமரங்கள் மிதந்து வந்தன. துடியன் அவற்றைக் கரைக்கு இழுத்து, காட்டுக்கொடியால் கட்டித் தெப்பமாக்கியது. துறையில் நின்றவர்களை அதில் ஏற்றியது. மருத மரத்துக்கு நேரே இறங்கி, எதிர்நீச்சல் போட்டு, பாறை மறைவில் புகுந்து, தெப்பத்தைத் தள்ளிக்கொண்டே அக்கரை சேர்ந்தது. ஒருவர் மேலும் ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

விஷயம் தெரிந்ததும் கமடன் மூச்சிரைக்க ராஜாவிடம் போய் நின்றது. தன் வழியைத் துடியன் திருடிவிட்டது என்று அழாத குறையாக முறையிட்டது.

யானைக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நியாயத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "நீ முதுகைக் கேட்டே, கொடுத்தோம். அது முதுகுல ஏத்தலையே, தெப்பத்துலதானே ஏத்துது? வழியை நீயா எல்லாருக்கும் சொன்னே. அதுக்கு உரிமை நீ கேட்கவே இல்லையேப்பா" என்றது.

மைனாவைத் தேடினால் அது வேறு கிளைக்குப் பறந்துவிட்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கமடன் துறைக்கு வந்து காத்திருந்தது. வெள்ளையம்மா என்ற முயல் தன் குட்டிகளோடு வந்தாள். எத்தனையோ மழைக்காலமாக அவள் கமடனின் முதுகில்தான் போய் வந்தாள். ஒவ்வொரு குட்டியாக அக்கரை போய்ச் சேரும்வரை கரையில் நின்று நடுங்குவாள்.

"ஏறும்மா" என்று கமடன் முதுகைத் தாழ்த்தியது.

வெள்ளையம்மா தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்க அண்ணே. தெப்பத்துல பிள்ளைங்க எல்லாமே என் பக்கத்துலேயே உட்கார்ந்து வருதுங்க" என்றாள். குட்டிகள் அதற்குள் தெப்பத்தில் ஏறிவிட்டிருந்தன.

கமடன் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கூலிக்கு முதுகில் ஏற்ற அந்தக் காட்டில் அது ஒன்றுக்குத்தான் உரிமை இருந்தது. ஏறத்தான் யாரும் வரவில்லை.

தம் தொழிலின் பலம் எது என்று தெரியாமல் போட்டிக்கு வந்தவரைத் தடுப்பதிலேயே குறியாக இருப்பவர், அந்தப் பலத்தைத் தம் கையாலேயே அவருக்குக் கொடுத்துவிடுவார்.